சேலம் வட்டாரக் கண்காணிப்புக் கிணறுகள்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

குப்பைக் கிடங்கு, சாயப்பட்டறை, சேகோ (ஜவ்வரிசி) ஆலை, முலாம் பூசும் பட்டறை, பெட்ரோல் பங்க் என எதன் பக்கத்தில் நிலத்தடி நீரைக் கண்காணித்தாலும், ஒரு நாள் லேப் அறிக்கையில் ஏதாவது ஒரு எண் எகிறி நிற்கும். இல்லாவிட்டால், எகிற வேண்டிய எண் சாதுவாகக் கிடக்கும். பார்த்தவுடன் ஆலையைக் கைகாட்டுவதும் அவசரம், "மீட்டர் கோளாறு" என்று தள்ளிவிடுவதும் அவசரம். சந்தேகத்துக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் பாட்டில், அடுத்து மீட்டர், பிறகு மோட்டாரும் குழாயும், பிறகு கிணறு கட்டிய விதம், பிறகு பாறை, கடைசியாக ஆலை. முன்னால் இருப்பவற்றை அரை நாளில், நூறு இருநூறு ரூபாய்ச் செலவில் சோதித்துவிடலாம் என்பதால்தான் இந்த வரிசை.

கையில் இருக்க வேண்டியவை: நீர்மட்ட டேப், பிஎச் மற்றும் மின்கடத்துதிறன் மீட்டர், மீட்டரைத் திருத்த பிஎச் 4, 7, 9.18 பஃபர் கரைசல்கள், 1413 மைக்ரோசீமென்ஸ் திட்டக் கரைசல், 0.45 மைக்ரான் வடிகட்டி, 20 லிட்டர் வாளி, கடிகாரம், பிஎச் தாள், ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டி.

மனப்பாடமாக இருக்க வேண்டிய கணக்கு ஒன்று. குழாய்க்குள் நிற்கும் தண்ணீர், 2 அங்குலக் கிணற்றில் அடிக்கு 0.6 லிட்டர், 4 அங்குலத்தில் 2.5 லிட்டர், நம்மூர் 6½ அங்குலப் போரில் 6.5 லிட்டர். நீர்மட்டத்திலிருந்து அடிமட்டம் வரையுள்ள அடிகளை இதனால் பெருக்கினால் ஒரு கிணற்று அளவு கிடைக்கும்.

புதுக் கிணறு, பிஎச் 10, 11 காட்டுகிறது

சேலத்துக் கிணற்று நீரின் பிஎச் பெரும்பாலும் 7 முதல் 8.5 வரைதான் இருக்கும். அதைத் தாண்டி 10, 11 வந்தால் ஆலைக் காரத்தைத் தேடும் முன் கிணற்றைச் சுற்றி ஊற்றிய சிமெண்ட்டைப் பாருங்கள். கேசிங் எனும் உறைக்குழாயைச் சுற்றியுள்ள சிமெண்ட் கலவை, பென்டோனைட் (ஊறினால் உப்பும் களிமண்) அடைப்பைத் தாண்டி, தண்ணீர் உள்ளே வரும் துளைகளுள்ள வடிகுழாய்ப் பகுதிக்குள் இறங்கியிருந்தால் தண்ணீர் மாதக்கணக்கில் காரமாகவே வரும். பிஎச்சோடு கால்சியம் கூடி மெக்னீசியம் குறைந்தால் சிமெண்ட் என்பது ஏறக்குறைய உறுதி. காரத்தில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும்.

பத்து கிணற்று அளவு இறைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். 8.5க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் கிணறு பிழைத்தது. இறைக்கும்போது இறங்கி, விட்டால் மறுபடி ஏறினால் கிணறு வீண். அந்த அளவுகளில் உலோகக் கணக்கு எதையும் நம்பக் கூடாது, ஏனென்றால் பிஎச் 10இல் ஈயமும் துத்தநாகமும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அடுத்த கிணற்றில் வடிகுழாய்க்கு மேல் கூழாங்கல் நிரப்பை இரண்டு அடி கூடுதலாக விட்டு, அதன்மேல் குறைந்தது இரண்டு அடி பென்டோனைட் உருண்டைகள் போட்டு, அவை ஊறி உப்பிய பிறகே சிமெண்ட் ஊற்றுங்கள். அவசரக்கார ரிக் ஆட்கள் தவறவிடுவது அந்தக் காத்திருப்பைத்தான்.

இரும்பு ஒரு முறை 4, மறு முறை 0.2

(இங்கே மி.கி. என்பதெல்லாம் லிட்டருக்கு மி.கி.) கிணறு மாறவில்லை, எடுத்த விதம் மாறியிருக்கிறது. இங்கே நான்கு காரணங்கள் மாறி மாறி வரும்.

முதலாவது கலங்கல். வடிகட்டாமல் பாட்டிலில் நிரப்பி அதில் நைட்ரிக் அமிலம் விட்டால், மிதக்கும் செம்மண் துகளில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் மாங்கனீசும் கரைந்து அறிக்கையில் ஏறிவிடும். கரைந்த உலோகம் தெரிய வேண்டுமென்றால் கிணற்றடியிலேயே 0.45 மைக்ரானில் வடிகட்டி, அதன் பிறகு அமிலம். லேபில் போய் வடிகட்டலாம் என்று விட்டால் எதிர்த் தவறு நடக்கும்: வழியில் காற்றுப்பட்டு இரும்பு துருவாகப் படியும், அதோடு ஆர்செனிக், ஈயம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வடிதாளில் தங்கிவிடும். அறிக்கை சுத்தமாக வரும்.

இரண்டாவது கம்ப்ரசர். நம் பகுதியில் பல போர்களில் காற்றழுத்த மோட்டார்தான் ஓடுகிறது. காற்றை உள்ளே அடித்துத் தண்ணீரைத் தள்ளும்போது கரைந்த இரும்பு குழாயிலேயே துருவாகும், கரியமில வாயு வெளியேறி பிஎச் அரைப் புள்ளி வரைகூட ஏறும், பென்சீன் போன்ற ஆவியாகும் பொருட்கள் காற்றோடு போய்விடும். கம்ப்ரசர் ஓடும் போரில் ஆவியாகும் கரிமப் பொருட்களுக்கு மாதிரி எடுப்பதே வீண் வேலை. ஆக்சிஜன் அளவும் அங்கே பொய்தான்.

மூன்றாவது ஜிஐ குழாய். துத்தநாகம் சேர்ந்து கூடியிருந்தால் குழாயின் கால்வனைஸ் பூச்சு கரைகிறது என்று பொருள். மோட்டாரைப் போட்ட முதல் நிமிடத்தில் ஒரு பாட்டில், 30 நிமிடம் கழித்து ஒரு பாட்டில் எடுங்கள். முதல் பாட்டிலில் மட்டும் துத்தநாகம் தூக்கலாக இருந்தால் குழாய், இரண்டிலும் ஒரே அளவு இருந்தால் நிலம்.

நான்காவது, போதிய அமிலம் விடாதது. லிட்டருக்கு 1 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் போதும் என்ற பழக்கம் மென்னீர் ஊர்களில் செல்லும். சேலத்தில் காரத்தன்மை 500 மி.கி. என்பது சாதாரணம், அதில் பாதிக்கு மேற்பட்ட அமிலம் பைகார்பனேட்டை அடக்கவே செலவாகிவிடும், பிஎச் 2க்குக் கீழே இறங்காது. 2 மி.லி. விடுங்கள். பிறகு ஒரு சொட்டைப் பிஎச் தாளில் விட்டுப் பாருங்கள். தாளைப் பாட்டிலுக்குள் நனைக்க வேண்டாம்.

இறைக்க இறைக்க மின்கடத்துதிறன் நிற்கவே மாட்டேன் என்கிறது

தேங்கிய தண்ணீர் வெளியேறி நிலத்து நீர் வந்துவிட்டதற்கான அடையாளம்: ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்த மூன்று அளவுகளில் பிஎச் 0.1க்குள், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். கலங்கல், அதை அளக்கும் அலகான என்டியூவில் 5க்குக் கீழே இருந்தால் நல்லது. பொதுவாக மூன்று கிணற்று அளவு இறைப்பதற்குள் இது நடந்துவிடும்.

நடக்காவிட்டால் கிணற்றின் வகையைப் பாருங்கள். 300 அடிப் போர், நீர்மட்டம் 70 அடி என்றால் உள்ளே 230 அடித் தண்ணீர், ஏறக்குறைய 1,500 லிட்டர். மூன்று மடங்கு 4,500 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் தரும் மோட்டாருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பாட்டில் நிரப்பினால் தேங்கிய தண்ணீர்தான் லேபுக்குப் போகும். இரண்டு மணி நேரம் ஓட்டியும் நிற்கவில்லை என்றால் வேறு சங்கதி. இங்கே நீர் வருவது மணலிலிருந்து அல்ல, பாறை வெடிப்புகளிலிருந்து. 90 அடியில் ஒரு ஊற்று, 180இல் ஒன்று, 270இல் ஒன்று என்று மூன்றும் வேறு வேறு தண்ணீர். மட்டம் இறங்க இறங்க மேல் ஊற்று ஓய்ந்து கீழ் ஊற்று மேலோங்கும். மேல் ஊற்றில்தான் கழிவு இருக்கும், கீழ் ஊற்று அதை நீர்த்துப்போகச் செய்யும். இந்த மாதிரி விவசாயப் போர்களை "கண்காணிப்புக் கிணறு" என்று கோப்பில் எழுதிவைப்பது நம்மூரில் சகஜம். அவை மாசு இருக்கிறது என்று சொன்னால் நம்பலாம். இல்லை என்று சொன்னால் நம்பக் கூடாது.

குறைந்த ஊற்றுள்ள 2 அங்குலக் கிணறு இறைத்தவுடன் வறண்டுவிடும். அதற்கு மூன்று மடங்குக் கணக்கு பொருந்தாது. ஒரு முறை வறள இறைத்து, ஊறிவந்த தண்ணீரை 24 மணி நேரத்துக்குள் எடுங்கள். கை வசதி இருந்தால் நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி. மட்டும் இழுக்கும் சிறு பம்ப் போட்டு, மட்டம் 10 செ.மீ.க்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. ஆவியாகும் பொருள் தேடுகிறீர்கள் என்றால் வறள இறைக்கும் முறை கூடவே கூடாது.

திறந்த வெட்டுக் கிணறு கதையே வேறு. 10 மீட்டர் விட்டத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 78,500 லிட்டர். யாரும் மூன்று மடங்கு இறைக்கப் போவதில்லை. தோட்டக்காரர் பாசனத்துக்கு மோட்டார் ஓட்டும் நாளைக் கேட்டுவைத்து, மூன்று நான்கு மணி நேரம் ஓடிய பிறகு குழாய் வாயில் பிடியுங்கள். கயிறு கட்டி மேலிருந்து வாளியில் மொண்ட தண்ணீரில் பாசியின் குணம்தான் தெரியும்.

கழிவே இல்லாத மேட்டுக் கிணற்றில் குரோமியமும் நிக்கலும்

சேலத்துக்கே உரிய தலைவலி இது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐஎஸ் 10500 குடிநீர் வரம்பு மொத்தக் குரோமியத்துக்கு 0.05 மி.கி., நிக்கலுக்கு 0.02 மி.கி. இரண்டிலும் தளர்வு கிடையாது. வெள்ளக்கல்பட்டி, செட்டிச்சாவடி, மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் பூமியில் கிணறு தோண்டினால் இந்த வரம்பைத் தொடும் அளவு இயற்கையாகவே வரக்கூடும். வெள்ளைக்கல் என்கிற மேக்னசைட்டின் தாய்ப்பாறை டியூனைட். அதில் மெக்னீசியம் நிறைய, நிக்கல் கொஞ்சம், குரோமைட் துகள்கள் கொஞ்சம். மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்சைடு, கரையாத மூன்று வலுக் குரோமியத்தைக் கரையும் ஆறு வலுக் குரோமியமாக மாற்றும். ஆலை எதுவும் வேண்டியதில்லை.

அதற்காக "எல்லாம் பாறைதான்" என்று கைகழுவும் ஆட்களுக்கும் குறைவில்லை. பிரித்தறிய மற்ற அயனிகளைப் பாருங்கள். பாறைத் தண்ணீர் என்றால் மெக்னீசியம் மில்லிஈக்விவலன்ட் கணக்கில் (மி.கி. அளவை அயனியின் சமான எடையால் வகுத்தது; வகுக்கும் எண்கள் பின்னால் வரும்) கால்சியத்தைவிட மிகுந்து, பைகார்பனேட் ஓங்கி, குளோரைடும் சல்பேட்டும் அடங்கி இருக்கும். பிஎச் 8ஐ ஒட்டி நிற்கும். முலாம் பூசும் பட்டறைக் கழிவு என்றால் குரோமியம் தனியாக வராது. சல்பேட் அல்லது குளோரைடு கூடவே ஏறும். செம்பு, துத்தநாகம், சயனைடு இவற்றில் ஒன்றாவது எட்டிப் பார்க்கும். சிவதாபுரம், பள்ளப்பட்டி போன்ற வெள்ளிக் கொலுசுப் பட்டறைப் பகுதியில் நைட்ரேட்டும் செம்பும் வெள்ளியும் சேர்ந்து வந்தால் பட்டறைத் திராவகத்தை நினைக்கலாம். நைட்ரேட் மட்டும் தனியாக வந்தால் அது கழிப்பறைக் குழி அல்லது உரம்.

ஒரே ஒரு மேட்டுக் கிணற்றை வைத்துப் பின்னணி அளவு (கழிவு சேராதபோது இயல்பாக இருக்கும் அளவு) சொல்லாதீர்கள். வெள்ளைக்கல் பூமியும் அதையொட்டிய நைஸ் எனும் பட்டைப் பாறையும் அரை கிலோமீட்டருக்குள் மாறிவிடும். கண்காணிக்கும் இடம் எந்தப் பாறையில் இருக்கிறதோ அதே பாறையில், கழிவு எட்டாத மூன்று நான்கு கிணறுகளாவது வேண்டும். தோண்டும்போது வந்த கல்தூளை ஐந்தடிக்கு ஒரு பையில் போட்டு ஆழம் எழுதி வைத்திருந்தால், இரண்டு வருடம் கழித்து வரும் சண்டையில் அந்தப் பைதான் சாட்சி.

ஆறு வலுக் குரோமிய மாதிரிக்கு ஆயுள் 24 மணி நேரம், அதுவும் வடிகட்டி ஐஸில் வைத்தால். சேலத்தில் மாலை எடுத்து இரவு வண்டியில் சென்னை லேபுக்கு அனுப்பினால் காலையில் சேரும், ஆனால் அன்றைக்கே சோதிப்பார்களா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பவே அனுப்பாதீர்கள். இந்தப் பாட்டிலில் அமிலம் விட்டால் ஆறு வலு மூன்று வலுவாக இறங்கிவிடும்.

மேட்டுக் கிணறு பள்ளக் கிணற்றைவிட மோசம்

மேடு பள்ளம் என்று கண்ணுக்குத் தெரிவது நிலத்தின் சரிவு. தண்ணீர் போவது நீர்மட்டத்தின் சரிவில். பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக ஒரு போர் ஓடினாலோ, வெள்ளைக்கல் சுரங்கக் குழியில் தண்ணீர் இறைத்தாலோ ஓட்டம் திரும்பிவிடும். திசையை அளந்தே சொல்ல வேண்டும்.

மூன்று கிணறுகளின் கேசிங் வாய் உயரத்தை ஆட்டோ லெவல் வைத்து ஒரு செ.மீ.க்குள் அளவிடுங்கள். கைபேசி ஜிபிஎஸ் உயரம் இதற்கு உதவாது, சில மீட்டர் தப்பும். பக்கத்து மோட்டார்கள் ஓடாத விடியற்காலையில், ஒரே மணி நேரத்துக்குள், மூன்றிலும் நீர்மட்டம் எடுங்கள். எடுத்துக்காட்டாக நீர்மட்ட உயரங்கள் 270.40, 269.20, 268.80 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் வேறுபாடு 1.60, உச்சத்துக்கும் நடுவுக்கும் 1.20. விகிதம் 0.75. உச்சக் கிணறும் தாழ்ந்த கிணறும் 80 மீட்டர் தள்ளி இருந்தால், உச்சக் கிணற்றிலிருந்து 60 மீட்டரில் நீர்மட்டம் 269.20. அந்தப் புள்ளியையும் நடுக் கிணற்றையும் இணைக்கும் கோடு சமமட்டக் கோடு. அதற்குச் செங்குத்தாகத் தாழ்ந்த பக்கம் போவதே ஓட்டம். மே மாதம் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை இதைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு திசை காட்டினால் கிணறுகளின் பெயர்ப் பலகையை மாற்ற வேண்டியதுதான்.

கடும்பாறையில் இதற்கும் ஒரு விதிவிலக்கு. ஓட்டம் சரிவை விட்டுவிட்டு வெடிப்பின் போக்கில் பக்கவாட்டில் போகும்; கருங்கல் டைக் (பாறையைக் கிழித்து எழுந்து நிற்கும் சுவர்போன்ற கல்) குறுக்கே கிடந்தால் அணைபோல் தடுத்துவிடும். 30 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கிணறுகளில் நீர்மட்டம் நான்கைந்து மீட்டர் வேறுபட்டால் இரண்டும் வேறு வேறு வெடிப்புகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நைட்ரேட் காணாமல் போய்விட்டது, தண்ணீரில் முட்டை நாற்றம்

சுற்றுவட்டாரக் கிணறுகளில் 60, 80 மி.கி. நைட்ரேட் இருக்க, சேகோ ஆலைக்குக் கீழ்ப்புறக் கிணற்றில் மட்டும் சைபர். அறிக்கையைப் படிப்பவர் "இந்தக் கிணறு தேவலை" என்பார். உண்மையில் அதுதான் நோயாளி.

சேகோ ஆலையில் மிஞ்சும் மரவள்ளிக் கிழங்குப் பாலும் திப்பி (பிழிந்த சக்கை) ஊறிய தண்ணீரும் மாவுச்சத்து நிறைந்தவை. நிலத்தில் இறங்கியதும் நுண்ணுயிர்கள் அதைத் தின்ன ஆக்சிஜனைத் தீர்க்கும். அது முடிந்ததும் நைட்ரேட், அதன் பின் மாங்கனீசும் இரும்பும், பிறகு சல்பேட். சல்பேட்டில் கை வைத்ததும் ஹைட்ரஜன் சல்பைடு நாற்றம் வரும். குப்பைக் கிடங்கின் கசிவு நீரும் இதே வரிசையில்தான் நடக்கும். ஆகவே நைட்ரேட் சைபரானால் உடனே பார்க்க வேண்டியவை: கரைந்த ஆக்சிஜன் 0.5 மி.கி.க்குக் கீழா, ஓஆர்பி (ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம்) எதிர்மறையா, இரும்பும் மாங்கனீசும் ஏறியிருக்கின்றனவா, அம்மோனியா இருக்கிறதா, பைகார்பனேட் கூடியிருக்கிறதா. ஐந்தில் நான்கு ஆமென்றால் கரிமக் கழிவு வந்து சேர்ந்துவிட்டது. குப்பைக் கிடங்கா சேகோவா என்ற சந்தேகத்தில் அம்மோனியா, பொட்டாசியம், குளோரைடு, போரான் நான்கும் கூடியிருந்தால் குப்பைப் பக்கம் சாயலாம்.

மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு. அதனால் சயனைடுக்கு ஒரு பாட்டில் கட்டாயம். சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு பிஎச் 12க்கு மேல் ஏற்றி, இருட்டில், குளிரில் வையுங்கள். ஆயுள் 14 நாள். முட்டை நாற்றம் உள்ள தண்ணீரில் சல்பைடு இந்தச் சோதனையைக் கெடுக்கும். லெட் அசிடேட் தாள் கறுத்தால் லேபுக்கு முன்பே சொல்லி, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வையுங்கள். பஞ்சாயத்து பிளீச்சிங் பவுடர் போட்ட கிணறு என்றால் குளோரின் சயனைடைத் தின்றுவிடும். அஸ்கார்பிக் அமிலம் சேர்த்துக் குளோரினை அடக்கிய பிறகே காரம். சயனைடு பாட்டிலையும் அமிலப் பாட்டிலையும் ஒரே பெட்டியில் அடுக்காதீர்கள். இரண்டும் உடைந்து கலந்தால் வருவது உயிர்குடிக்கும் வாயு. அதே எச்சரிக்கை நாற்றமடிக்கும் வெட்டுக் கிணற்றுக்கும்: உள்ளே ஆள் இறங்கக் கூடாது.

லேப் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை

அறிக்கை கையில் வந்ததும் முதலில் அயனிச் சமன், அதாவது நேரயனி மொத்தமும் எதிரயனி மொத்தமும் ஒட்டுகின்றனவா என்று பார்ப்பது. மி.கி. அளவைக் கால்சியத்துக்கு 20, மெக்னீசியத்துக்கு 12.15, சோடியத்துக்கு 23, பொட்டாசியத்துக்கு 39.1, பைகார்பனேட்டுக்கு 61, குளோரைடுக்கு 35.5, சல்பேட்டுக்கு 48, நைட்ரேட்டுக்கு 62 ஆல் வகுங்கள். கால்சியம் 80, மெக்னீசியம் 97, சோடியம் 184, பொட்டாசியம் 8 என்றால் நேரயனி மொத்தம் 20.2. பைகார்பனேட் 488, குளோரைடு 284, சல்பேட் 96, நைட்ரேட் 62 என்றால் எதிரயனி 19.0. வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 3 சதவீதம். 5க்குள் இருந்தால் ஏற்கலாம். நேரயனி மொத்தத்தை நூறால் பெருக்கினால் ஏறத்தாழ மின்கடத்துதிறன் வர வேண்டும், இங்கே 2,000. மீட்டர் 3,000 காட்டியிருந்தால் ஏதோ ஒரு அயனியை லேப் விட்டுவிட்டது, அல்லது பாட்டில் மாறிவிட்டது.

சமன் தப்பினால் பத்தில் ஏழு முறை காரணம் அலகுதான். காரத்தன்மை 400 என்று கால்சியம் கார்பனேட் கணக்கில் கொடுத்திருப்பார்கள். அதையே பைகார்பனேட் என்று எடுத்தால் தப்பு, பைகார்பனேட்டாக அது 488. இதே அயனிகளில் அந்தத் தப்பைச் செய்தால் பிழை 7 சதவீதமாகிவிடும். மெக்னீசியம் கடினத்தன்மை 400 என்பது மெக்னீசியமாக 97தான். எல்லாவற்றிலும் ஆபத்தானது நைட்ரேட். நைட்ரஜன் கணக்கில் 14 என்று வந்ததை 45 வரம்போடு ஒப்பிட்டு "வரம்புக்குள்" என்று எழுதிவிடுவார்கள். நைட்ரேட்டாக அது 62.

பாட்டில் குளறுபடியும் உண்டு. நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலில் நைட்ரேட் பார்த்தால், சல்பூரிக் விட்டதில் சல்பேட் பார்த்தால் எண் வானத்துக்குப் போகும். மூடியில் வண்ணப் பட்டை ஒட்டிவிடுங்கள்: உலோகத்துக்குச் சிவப்பு, சயனைடுக்கு நீலம், அமிலமில்லாததற்கு வெள்ளை.

லேபில் பிஎச் கூடி, கடினத்தன்மை குறைந்து, பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு தெரிகிறதா? நம் கடின நீரில் கரியமில வாயு பறந்து சுண்ணாம்பு படிந்துவிட்டது. பிஎச்சும் காரத்தன்மையும் கிணற்றடியிலேயே பார்க்க வேண்டியவை. பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள்.

எல்லாமே "பி.டி.எல்."

கண்டறியும் அளவுக்குக் கீழே என்பது இல்லை என்றாகாது. லேபின் கண்டறியும் அளவே 0.1 மி.கி. என்றால், 0.05 வரம்புள்ள குரோமியத்துக்கு அந்தச் சொல் ஒன்றுமே சொல்லவில்லை. ஈயத்துக்கு வரம்பு 0.01. மாதிரி கொடுக்கும் முன்பே, கண்டறியும் அளவு வரம்பில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) சான்று லேபுக்கு இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட உலோகத்துக்கு இருக்கிறதா என்று சான்றின் பட்டியலில் பாருங்கள்.

இரட்டை மாதிரி இரண்டு விதமாக வருகிறது

பத்து மாதிரிக்கு ஒன்றை வேறு பெயரில் இரட்டையாக அனுப்புங்கள். இரண்டின் வேறுபாட்டைச் சராசரியால் வகுத்தால் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் கலங்கலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். லேபில் வாங்கிய சுத்தநீரை உங்கள் பம்ப், குழாய், வடிகட்டி வழியாக ஓட்டி ஒரு வெற்று மாதிரியும் அனுப்புங்கள். அதில் செம்போ துத்தநாகமோ வந்தால் முந்தைய கிணற்றின் எச்சம். கிணறுகளைச் சுத்தமானதில் தொடங்கி அழுக்கானதில் முடிக்கும் வரிசையில் எடுத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

மழைக்குப் பின் திடீர் ஏற்றம்

முதல் மழையில் உப்பு குறையும் என்று எதிர்பார்ப்போம், ஏறும். கோடையில் மேல்மண்ணில் காய்ந்து தங்கிய உப்பை மழை கழுவி இறக்குகிறது. சாயக்கழிவு தேங்கிய நிலத்தில், திருமணிமுத்தாற்றுக் கரையோரத்தில் இது இன்னும் தூக்கலாக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் இறங்க ஆரம்பித்தால் சரி. மழை பெய்த அன்றைக்கே ஏறி, கலங்கலும் கோலிஃபார்ம் பாக்டீரியாவும் சேர்ந்து வந்தால் கேசிங்கின் ஓரமாக மேல்நீர் இறங்குகிறது: மேடையில் விரிசல், மூடி இல்லாத வாய். அதைச் சிமெண்ட் பூசி, பூட்டுள்ள மூடி போட்டு அடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். மே அளவை மே அளவோடும் ஜனவரி அளவை ஜனவரி அளவோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

நீரின்மேல் வானவில் படலம்

ஒரு குச்சியால் கலக்குங்கள். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து தனித்தனியாக நின்றால் இரும்புப் பாக்டீரியாவின் படலம். உடைந்தும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டால் எண்ணெய். பெட்ரோல் வாடை இருந்தால் அந்தக் கிணற்றில் சாதாரண மோட்டாரைப் போடாதீர்கள், தீப்பொறி போதும். நீர்மட்டமும் தப்பும்: மேலே 20 செ.மீ. பெட்ரோல் நின்றால், அதன் அடர்த்தி 0.75 கணக்கில் 15 செ.மீ.யை அடியிலுள்ள நீர் எல்லை மட்டத்தோடு கூட்டியே ஓட்டத் திசை போட வேண்டும்.

கோடையில் கிணறு வறண்டது

கோப்பில் "வறண்டது" என்று எழுதுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால் பின்னால் யாரோ சைபர் போட்டு நிரப்பிவிடுவார்கள். அடியில் கிடக்கும் சேற்றுத் தண்ணீரைச் சுரண்டி எடுத்து அனுப்புவது அதைவிட மோசம். தீர்வு ஒன்றுதான்: மக்கிய பாறையில் ஒன்று, அதன் பக்கத்தில் வெடிப்புள்ள பாறையில் ஒன்று என்று இரட்டைக் கிணறு.

ஏற்காட்டில் மட்டும் மீட்டர் ஏறுமாறாக நடக்கிறது

காபித் தோட்டச் சுனைகளில் மின்கடத்துதிறன் 100 மைக்ரோசீமென்சுக்கும் கீழே இருப்பது உண்டு. அயனி அவ்வளவு குறைந்த நீரில் பிஎச் எண் நகர்ந்துகொண்டே இருக்கும், அது பழுதில்லை. பஃபர் உப்பு போகப் புரோபை மூன்று முறை அதே சுனை நீரில் அலசி, அசையாத நீரில் பத்து நிமிடம் விட்டு அளவு எடுங்கள். ஓடும் நீரில் பிடித்த பிஎச் அரைப் புள்ளி தப்பலாம்.

ஆக்சிஜன் மீட்டரைச் சேலத்தில் அளவு திருத்திவிட்டு மலை ஏறினால் தவறு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். 20 டிகிரியில் கடல்மட்டத்தில் 9.1 மி.கி. நிறைவு என்றால் அங்கே 7.6தான். மேலே போய், அந்தக் காற்றழுத்தத்தைக் கொடுத்து மறுபடி திருத்துங்கள். காபிப் பழத்தோல் கழிவு சேரும் நாட்களில் 5 மி.கி. என்று வந்தால் அது எவ்வளவு மோசம் என்பது இந்த 7.6ஐ வைத்தே தெரியும்.

கிணற்றில் தொங்கவிடும் தானியங்கி மட்டமானிக்கும் இதே சிக்கல். அது நீரழுத்தத்தோடு காற்றழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும், காற்றழுத்தத்தைக் கழித்தால்தான் நீர்மட்டம் கிடைக்கும். காற்றழுத்தம் சேலத்தில் ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல், ஏற்காட்டில் 85. சேலம் அலுவலகத்தில் வைத்த காற்றழுத்தமானியைக் கொண்டு ஏற்காட்டுக் கிணற்றைத் திருத்தினால் நீர்மட்டம் 1.3 மீட்டர் தாழ்வாகக் காட்டும். இது ஒரே சீராகத் தப்புவதால் வரைபடம் அழகாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. கை டேப்பில் ஒரு முறை அளந்து ஒப்பிட்டால் அன்றைக்கே பிடிபடும்.